நோயாளி ஏறாத கார்

கார் விற்ற கதையை எழுதப் போகிறேன் என்றதும் என் கணவர், "எழுது, எழுது. நாம அதை எப்படி மெயின்டைன் பண்ணினோம்னு விஸ்தாரமா எழுது. இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெரியணும்" என்றார். சரி, அதையே எழுதுகிறேன். நான் எழுதுகிற எதையும் அவர் படித்ததில்லை. இதையும் படிக்க மாட்டார் என்கிற தைரியம்தான்.

நான் கல்யாணமாகி மலையாளச் சீமையில் இந்த ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்கு வந்தபோது அந்தக் கார் எனக்கு முன்பே அங்கே வந்துவிட்டிருந்தது. ஜெர்மன்காரன் செய்த வண்டி. பாலாடை நிறம், நீள மூக்கு, உள்ளே பளபளவென்று மரப்பலகை. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியிடம் என் மாமனார் வாங்கியது. எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், காருக்கு ஏது இடம்? எங்களுடையது தெருமுனை வீடு என்பதால் பக்கத்தில் கொஞ்சம் காலி மனை இருந்தது. அதில் ஷெட் கட்டி, கூடத்துச் சுவரை உடைத்து ஒரு கதவும் வைத்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே மாமனார் அதைப் பார்க்க வேண்டுமாம்.

இந்த ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் தோல் சீட்டில் பூஞ்சை பூத்துவிடும். அதனால் ஷெட்டில் மின்விசிறி போட்டார்கள். சமையலறையில் நான் வேர்த்து விறுவிறுத்து நின்ற வருஷங்களில் காருக்குக் காற்று ஓடிக்கொண்டிருந்தது. கர்க்கடகம் என்கிற ஆடி மாதத்து அடைமழையில் ஈரம் ஏறாமலிருக்க அதற்குள் ஒரு பல்பு எரியும். கடற்காற்று பட்டால் துருப்பிடிக்கும் என்று சங்குமுகம் கடற்கரைப் பக்கமே அது போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் மட்டும் ஏறி, கரமனைப் பாலம் வரை போய்த் திரும்பி வருவார். வந்ததும் டயரைத் தேய்த்துக் கழுவித் துடைப்பார். தன் காலை அவர் அப்படித் தேய்த்துக் கழுவி நான் பார்த்ததில்லை.

சீட் எல்லாம் அசல் மாட்டுத் தோல். அக்ரஹாரத்தில் மாட்டுத் தோல்! மாமியார் முதலில் காரில் காலே வைக்க மாட்டேன் என்றாராம். சாஸ்திரிகள் வந்து யோசனை பண்ணி, மேலே வெள்ளைத் துணி விரித்துவிட்டால் தோஷமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். தீர்த்தம் தெளித்தார்கள், தோல் சுத்தமாகிவிட்டது. சுத்தமாகாமல் மிச்சம் இருந்தவள் நான். மாதாமாதம் அந்த மூன்று நாட்கள் நான் காரில் ஏறக் கூடாது, ஷெட் கதவைக்கூடத் தொடக் கூடாது. செத்த மாட்டின் மேல் உட்காரலாம். உயிரோடு இருக்கிற பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் தீட்டு. கர்மம், கர்மம்! அந்த வெள்ளைத் துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு விரித்தவளும் நானேதான். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகாவது விட்டதா என்றால், இல்லை. அம்மா சொன்னதைப் பிள்ளை கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

இதில் பெரிய கூத்து, கார் என் பெயரில் இருந்தது. மாமனார் காலமானதும் ஜோசியர் என் கணவரின் ஜாதகத்தைப் பார்த்து, வாகனத்தால் கண்டம், இவர் பெயரில் வண்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் ஜாதகத்தில் வாகன யோகம் அமோகமாம். உடனே ஆர்.சி. என் பெயருக்கு மாறியது. அந்த அமோக யோகத்தோடு நான் ரிடையர் ஆகிறவரை கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து, தொங்கிக்கொண்டு ஆபீஸ் போய் வந்தேன்.

இப்போது என் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. எங்கள் படுக்கையறையும் குளியலறையும் மாடியில். கீழே இருக்கிற பழைய கழிப்பறை கொல்லைக்கோடியில், பாசி பிடித்த படி இறங்கிப் போக வேண்டும். எந்தப் படியும் ஏறவும் கூடாது இறங்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தண்ணீர் குடித்தால் மாடி ஏற வேண்டுமே என்று பயந்து, தொண்டை வறண்டாலும் குடிக்காமல் உட்கார்ந்திருப்பேன். அதனால் நீர்க்கடுப்பு வந்து, அதற்கு வேறு மருந்து. கார் நிற்கிற இடத்தில் ஒரு சின்ன அறையும் பாத்ரூமும் கட்டினால் தீர்ந்தது. கதவுகூட ஏற்கெனவே இருக்கிறது. நான் கேட்டது அவ்வளவுதான்.

கணவர் முதலில் காதில் விழாதது போல இருந்தார். பிறகு, பார்க்கலாம் என்றார். நான் ஒருநாள் படியில் சறுக்கி உட்கார்ந்த பிறகுதான், "சரி, வித்துடலாம். ஆனா நல்ல கைக்குத்தான் கொடுப்பேன்" என்றார். பெங்களூரில் இருக்கும் மகள் படம் போட்டு ஆன்லைனில் விளம்பரம் கொடுத்தாள்.

முதலில் வந்தவர் விழிஞ்ஞத்துக்காரர். கட்டட காண்ட்ராக்டர், துறைமுக வேலையில் ஆரம்பித்து இப்போது வீடுகளும் கட்டுகிறார். அப்பா கடலுக்கு மீன்பிடிக்கப் போனவர், அம்மா குளச்சல் பக்கம் என்று அவரே சொன்னார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து கதவை இரண்டு தடவை சாத்தித் திறந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"கொள்ளாம் சாரே, எனக்குப் புடிச்சிருக்கு. நான் ஒண்ணும் மறைக்கல்ல. எனக்க அளியன் ஒருத்தன் துபாயில இருக்கான், தங்கச்சி மாப்பிள. லீவுக்கு வரும்போ ஒரு புது வண்டிய எடுத்துட்டு வந்து எங்க வீட்டு முன்னால ஹார்ன் அடிப்பான். இந்த வண்டிய முற்றத்துல நிறுத்தினா அவனுக்க வயிறு எரியும், கேட்டியளா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் கணவர் சிரிக்கவில்லை. "வண்டிய எப்படி வெச்சுப்பேள்?" என்று கேட்டார்.

"ஓட்டுவேன் சாரே. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போவேன், சந்தைக்குப் போவேன், கும்பிடப் பள்ளிக்குப் போவேன். வண்டி பின்ன எதுக்கு?"

சந்தை என்றதும் என் கணவரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மூக்கை ஒரு சுளி சுளித்துவிட்டு, காரை வேறு ஒருத்தருக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று கூசாமல் பொய் சொன்னார். அந்தக் காண்ட்ராக்டர் கொடுப்பதாகச் சொன்ன விலை நாங்கள் நினைத்ததைவிட அதிகம். வந்தவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி சாரே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் கணவர் முன் சீட்டுத் துணியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து, "இதைத் தனியா நனை" என்றார். சீ! ஒரு மனுஷன் குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதற்கா இது? துணியை அவர் காலடியிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்து வந்தவர் கரமனைக்காரர். நம்மவா. அமெரிக்காவில் நிறையச் சம்பாதித்துவிட்டுத் திரும்பியவர். கணவர் வாசலுக்கே ஓடிப்போய் அழைத்து வந்தார். காபி கொண்டுவரச் சொல்லி எனக்கு உத்தரவு. நான் டம்ளரோடு கூடத்துக்கு வந்தபோது ஷெட் கதவு திறந்திருந்தது. கணவர் கார்மேல் கையை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு நோயாளி ஏறினது கிடையாது. செத்தவாளை ஏத்தினது கிடையாது. முட்டை, மீன் வாடையே கிடையாது. ஆத்துல பொம்மனாட்டிகள்கூட ஆகாத நாள்ல தொட்டதில்லை. அவ்வளவு மடி, ஆசாரமா வெச்சிருக்கோம்."

"அப்படியா! பேஷ், பேஷ்! ரொம்ப நன்னா மெயின்டைன் பண்ணியிருக்கேள்."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

என் முதல் பிரசவம் நடக்கவேயில்லை. ஐந்தாம் மாதத்தில் ஒரு மத்தியானம், நல்ல மழை, புடவையெல்லாம் இரத்தமாகிவிட்டது. என் கணவர் ஓடினார், அது உண்மை. நனைந்துகொண்டு, அழுதுகொண்டு ஓடினார், அதுவும் உண்மை. ஆட்டோ பிடிக்க ஓடினார். பக்கத்தில் கார் நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. "வெள்ளைத் துணி போட்டிருக்கேடா" என்று மாமியார் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. கோட்டை வாசல் தாண்டுகிறவரை குண்டும் குழியுமான ரோடு, ஆட்டோவின் ஒவ்வொரு குதியலும் என் அடிவயிற்றில் இறங்கியது. குழந்தை தங்கவில்லை. காரில் போயிருந்தால் தங்கியிருக்குமா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டு அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் நான் எப்படிச் சோறு தின்பது? அதனால் கேட்கவில்லை. ஆட்டோக்காரர் எங்களை இறக்கிவிட்டுத் முகம் சுளிக்காமல் தன் சீட்டைத் தானே துடைத்துக்கொண்டார்.

அதைத்தான் இந்த மனுஷர் கார் வாங்க வந்தவரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். நோயாளி ஏறியதில்லையாம்!

"நோயாளி இல்லாம இல்லே. இவா ஏத்தலை" என்றேன், ஷெட் வாசலில் நின்றுகொண்டு.

கரமனைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவருக்கு விளங்கியது. முகம் சிவந்து, "காபி ஆறறது" என்றார்.

விலை படிந்தது. விழிஞ்ஞத்துக்காரர் சொன்னதைவிட ரொம்பக் கம்மி, கணவர் அப்படியே ஒத்துக்கொண்டார். அதற்கு மேல்தான் வந்தது வினை. கரமனைக்காரர் சொன்னார், "ஆனா ஒண்ணு. நான் புது வீடு கட்டிண்டிருக்கேன். ஷெட் ரெடியாக ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வண்டி இங்கேயே நிக்கட்டுமே? உங்க கை மாதிரி யாருக்கு வரும்?"

"அதுக்கென்ன, தாராளமா நிக்கட்டும்!" என் கணவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். விற்ற மாதிரியும் ஆச்சு, விற்காத மாதிரியும் ஆச்சு. ஞாயிற்றுக்கிழமை கரமனைப் பாலத்துச் சவாரியும் நிற்காது. நான் என் இரண்டு முட்டியோடு ரெண்டு வருஷம் மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். என்னை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

இரண்டு பேரும் சுவர் பேசிவிட்டது போலத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வண்டி என் பேர்ல இருக்கு. பேர் மாத்தறதுக்கு ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வரும். என் ஜாதகத்துல இருக்கற யோகம் அது, உங்க ஜோசியரே சொன்னார். நான் விக்கறவாளுக்குத்தான் போகும்."

கரமனைக்காரர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, குடும்ப விஷயத்தைப் பேசி முடிவு பண்ணுங்கோ என்று கிளம்பினார். அவர் போன பிறகு வீட்டில் நடந்ததை முழுதும் எழுதப் போவதில்லை. விழிஞ்ஞத்துக்காரருக்கே கொடுக்கப் போகிறேன் என்றதும் கணவர், "நம்மவாளை விட்டுட்டு அந்த மீன்காரனுக்கா கொடுக்கப் போறே? நாறிப் போயிடும்டீ வண்டி!" என்று குதித்தார். "நாறட்டும்" என்றேன். "இத்தனை வருஷமும் நாறிண்டுதான் இருந்தது, உங்களுக்குத்தான் மூக்கு இல்லை" என்றேன். அதைச் சொன்னதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

மகளிடம் நம்பரை வாங்கி விழிஞ்ஞத்துக்காரருக்கு நானே போன் செய்தேன். அன்றைக்கு நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அது கிடக்கட்டும் அம்மா, வண்டி இன்னும் உண்டா?" என்றுதான் கேட்டார். முதலில் சொன்ன விலையில் கொஞ்சம் குறைத்தார். நான் விடாமல் ஏற்றினேன். அது முடிந்த பிறகு அவரிடம் இன்னொரு காரியமும் பேசி முடித்தேன்.

அவர் காரை எடுக்க வந்த காலையில் கணவர் மாடியைவிட்டு இறங்கவில்லை. ஓ.டி.பி. வந்தது, சொன்னேன். சாவியைக் கொடுத்தேன். அவர் வெள்ளைத் துணிகளை மடித்து என் கையில் தந்துவிட்டு, வெறும் தோல் சீட்டில் உட்கார்ந்து காரைக் கிளப்பினார். தெருமுனையில் வேண்டுமென்றே ஒரு நீள ஹார்ன் அடித்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

கார் போன சத்தம் அடங்கியதும் கணவர் இறங்கி வந்தார். மஞ்சள் தண்ணீர் வாளியோடு. காலியான ஷெட்டுக்குள் போய், அந்த மனிதர் நின்ற இடம், நடந்த இடம், கை வைத்த சுவர் என்று ஒன்று விடாமல் மாவிலையால் தெளிக்க ஆரம்பித்தார். வாய்க்குள் மந்திரம் வேறு. நான் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இத்தனை வயதாகியும் இந்த மனுஷருக்கு அருவருப்பு எதில் வருகிறது பார், என்று இருந்தது.

"ஏன்னா, இப்பவே எல்லாத்தையும் தெளிச்சுத் தீத்துடாதீங்கோ" என்றேன். "திங்கக்கிழமைலேந்து அவரோட ஆள்கள்தான் இங்கே அஸ்திவாரம் தோண்டப் போறா. ரூமும் பாத்ரூமும் அவர் காண்ட்ராக்ட்தான், அட்வான்ஸ் கொடுத்தாச்சு. அவர்தான் கட்டப் போறார், அவா போட்ட தரையிலதான் நான் படுத்துக்கப் போறேன்."

மாவிலை அப்படியே நின்றது.

"வேலை முடியற வரைக்கும் அவாளுக்கு மத்தியானச் சாப்பாடு நம்மாத்துலதான். கூடத்துல இலை போடப் போறேன். நீங்க எங்கே உக்காந்து சாப்பிடறேள்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்கோங்கோ."