எட்டைக் கொடுத்து வாங்கிய பதினாலு

புஞ்சாக் ஆலாமில் எங்கள் வீட்டு கேட்டில் 14 என்று ஒரு பித்தளை எண் இருக்கிறது. வாரம் ஒருமுறை அதைத் துடைப்பேன். பார்க்கிறவர்கள் என்னைச் சுத்தக்காரி என்று நினைத்துக்கொள்ளட்டும். உண்மையில் அது வீம்பு. அந்த எண்ணை நானே கேட்டு வாங்கினேன். கேட்டு வாங்கியதைப் பளபளப்பாக வைத்துக்கொள்ளாவிட்டால் நாலு பேர் சிரிப்பார்களே.

வாங்கியபோது நாங்கள் புக்கிட் பெலிம்பிங் பக்கத்து எஸ்டேட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. ஓய்வு பெற்றதும் சாவியை ஆபீஸ் கிராணியிடம் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் வயதான காலத்துக்கு ஒரு வீட்டை வாங்கிப் போடுவது என்று முடிவு செய்தோம். புஞ்சாக் ஆலாமில் செம்பனையை வெட்ட வெட்டப் புதிய குடியிருப்புத் தாமான்கள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். ஒரு வீடு வாங்குவது, வாடகைக்கு விடுவது, அவர் ஓய்வு பெறும்போது நல்ல விலைக்கு விற்பது, அந்தப் பணத்தில் பாசிர் பெனம்பாங்கில் ஆற்றோரமாகச் சின்னதாக ஒரு வீட்டுக்குப் போவது. இதுதான் திட்டம்.

ஆறு அவருடைய ஆசை. ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலை எடுத்துக்கொண்டு சிலாங்கூர் ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். "பின்வாசல்ல ஸ்டூலப் போட்டு, ஒக்காந்த எடத்துலருந்தே தூண்டி போடணும்" என்பார். வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

வீடுகளைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். விற்பனை அலுவலகத்தில் குளிரூட்டி நடுங்க வைத்தது. தட்டுத் தட்டாகக் கறிபாப் வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் பெட்டிக்குள் கையை விட்டுச் சீட்டை எடுத்தார். எட்டு.

எட்டு என்றால் எட்டு மைல் ஓடுகிறவள் நான். எட்டு சனியின் எண். நாங்கள் இருந்த லயத்து வீட்டுக் கதவில் 26 என்று எழுதியிருந்தது. கூட்டினால் எட்டு. அந்த வீட்டில் எனக்கு இரண்டு கர்ப்பம் கலைந்தது. அதோடு தூக்கமும் போனது. விடியற்காலையில் அவர் லோரிக்குக் கிளம்பும்போது நான் கண்ணைத் திறந்தபடி படுத்திருப்பேன். டாக்டர்கள் காரணம் தெரியவில்லை என்றார்கள். எனக்குக் காரணம் கதவிலேயே எழுதியிருந்தது. படித்தவர்கள் சிரிக்கலாம். அவர்கள் யாரும் அந்த வீட்டில் படுத்துப் பார்த்ததில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு சீன அக்கா முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பாசிர் பெனம்பாங்கில் மீன் வியாபாரம். அவருடைய அப்பா மோட்டார் சைக்கிளில் எஸ்டேட் எஸ்டேட்டாக மீன் விற்றவர். பின்னால் உட்கார்ந்து போயே இவர் தமிழ் கற்றுக்கொண்டாராம்.

"தங்கச்சி, ஒனக்கு என்னா நம்பர்?"

"எட்டு."

"அய்யோ, ரொம்ப நல்ல நம்பர் லா! ஏன் மூஞ்சி இப்டி?"

"எங்களுக்கு ஆகாதுக்கா. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

"பதினாலு" என்று சீட்டைக் கவிழ்த்து வைத்தார். சீனர்களுக்கு நாலு ஆகாது; அவர்கள் பேச்சில் அது சாவு என்பதுபோல் ஒலிக்கும். பதினாலு அதைவிட மோசம். மற்ற வீடு கட்டும் கம்பெனிகள் அதை 13A என்று எழுதி ஒப்பேற்றுவார்கள். இந்தக் கம்பெனிக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

ஒன்றும் நாலும் ஐந்து. புதனின் நல்ல எண். நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "இந்தா, அவசரப்படாத. இது விக்கப்போற வீடு. எட்டுன்னா சீனவங்க கூடக் குடுத்து வாங்குவாங்க. நாம என்ன குடியிருக்கவா போறோம்?"

"எட்டு வேணாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போய் அந்த அக்காவோடு சேர்ந்து மாற்றிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் மூவரும் ஆளுக்கு இரண்டு கறிபாப் தின்றோம்.

ஏழு வருடம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வாடகைக்கு இருந்தார்கள். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்போம். போகும்போதெல்லாம் ஒரு புதுக் கடையோ ஒரு புதுச் சாலையோ முளைத்திருக்கும். "நம்ம வீடு வளருதுடி" என்று அவர் கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காட்டுவார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. சொந்தமாக ஒன்று இருக்கிறது, அதில் நாம் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்பது ஒரு தனிச் செருக்கு.

அப்புறம்தான் மீன்கார அக்கா எட்டை விற்றார். எங்கள் வரிசையில் இரட்டை எண்கள் மட்டும்தான்; எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, அதே அறைகள், அதே ஓடு. அதற்கு அவருக்குக் கிடைத்த விலையைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த வருடம் இவர் ஓய்வு பெற்றார். நாங்களும் விற்கப் பார்த்தோம். சீனர்கள் கேட் வரை வந்து, எண்ணைப் பார்த்துவிட்டுக் காருக்குத் திரும்பினார்கள். ஒரு மலாய்த் தம்பதிக்கு வீடு மிகவும் பிடித்திருந்தது. பாங்க் கடன் கொடுக்கவில்லை. லயத்துச் சாவியைக் கொடுக்கும் நாள் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு நாங்களே இங்கே குடிவந்தோம்.

வந்த முதல் வாரமே எனக்குத் தூக்கம் வந்தது. தூக்கம் என்றால் அப்படி ஒரு தூக்கம். விடிந்து வெயில் ஏறிய பிறகு எழுந்து வருவேன்; அவர் காப்பி போட்டு, எனக்கும் மூடி வைத்திருப்பார். "மகாராணி எழுந்தாச்சா? ஒன் கொறட்டையில பக்கத்து வீட்டு ஓடு பேந்துரும்போல" என்பார். நான் கோபப்படுவதுபோல் நடிப்பேன்.

ஆறு மாதம் வருடங்களானது. வீட்டை விற்கும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. காரில் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருவார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கார் ஓட்டுவதும் நின்றது. பின்வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். எதிரே இருந்தது சாக்கடை. அவர் ஆற்றை நான்தான் எட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன் என்று என் நெஞ்சு அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவைகூட அவர் "ஒன்னாலதான்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மீன்கார அக்கா மட்டும் மாதம் தவறாமல் மீன் கொண்டுவருவார். காசு வாங்கமாட்டார். எட்டை வாங்கிய கொழுப்பு என்று நான் நினைத்துக்கொள்வேன். மீனை வாங்குவேன், முகம் கொடுக்கமாட்டேன். அவரும் இவரும் கேட்டருகே நின்று ஆற்றுக் கதை பேசுவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் இவர் மாரடைப்பில் போனார். அதற்குப் பிறகும் எனக்குத் தூக்கம் வந்தது. அதற்காகவே வெட்கப்பட்டேன்.

இப்போது இந்தப் பக்கம் விலை எங்கோ போய்விட்டது. தபால் பெட்டியைத் திறந்தால் வீடு வாங்கும் ஏஜெண்டுகளின் காகிதம்தான். போன மாதம் அக்கா சியாக்காப் மீனோடு வந்தபோது சொன்னேன்: "அக்கா, வீட்டை விக்கப்போறேன். ஒங்க பக்கம் ஆத்தோரமா ஒன்னு பாத்துச் சொல்லுங்க. அவரத்தான் ஆத்தோரம் கூட்டிட்டுப் போகல. நானாச்சும் போயி ஒக்காருறேன்."

அவர் மீன் பையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, ஒன்னு சொல்றேன், கோவம் வேணாம் லா. அண்ணே சொல்லக் கூடாது சொன்னாரு. நீங்க இங்க வந்து ஒரு வருசம், நான் ஆளு கூட்டிட்டு வந்தேன். கலும்பாங்ல மீன் விக்கிறவரு. தமிழ் ஆளுதான், வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு. நம்பர் பாக்க மாட்டாரு, லோன் வேணாம். எட்டாம் நம்பர் வித்த வெல குடுக்குறேன் சொன்னாரு. என் மனசு கஷ்டமா இருந்துச்சு, அதுக்குத்தான் தேடிப் புடிச்சேன்."

"எப்ப? நான் எங்க போயிருந்தேன்?"

"நீ உள்ளதான். காலையில ஒம்பது மணி. தூங்கிட்டு இருந்த. அண்ணே கேட் தொறக்கல. சத்தம் போடாத சொன்னாரு. 'ஆத்துக்கு நான் போய்க்கலாம். அவ தூக்கத்த எங்க போயி வாங்குறது?' அப்டி சொன்னாரு. அந்த ஆளு திரும்பிப் போயிட்டாரு. மீன் மட்டும் கொண்டா, அது போதும் சொன்னாரு."

அக்கா போன பிறகு மீனைக் கழுவிக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டேன். வழக்கம்போல மதியம் கொஞ்சம் படுத்தேன். பதினாலாம் எண் வீட்டில் எனக்குத் தூக்கம் வராமல் போனது அன்றைக்குத்தான்.