டீச்சர் சொன்னாங்க

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு நேரம் போதாமல் போனது. கணக்குப் பாடம் நடத்திய காலத்திலாவது பள்ளிக்கூட மணி அடித்தால் வேலை முடிந்துவிடும். இப்போது மணி அடிக்க ஆளில்லை.

காலையில் மலையில் பனி விலகுவதற்குள் பந்தலில் சௌசௌ பறித்துவிடுவேன். பிறகு ஏரியைச் சுற்றி நடை. செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் தெருவில் அறைகளை வாடகைக்கு விடும் பெண்கள் என் வீட்டுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்ள வருவார்கள். சுடுதண்ணீர் வரக் கொஞ்ச நேரமாகும் என்பதைச் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிப் பழகும்போது ஒருத்தி வாயில் அது வேறு என்னென்னவோ ஆகும். அன்று முழுக்கச் சிரிப்புதான். ஞாயிற்றுக்கிழமை சந்தை. பூண்டு எடுக்கும் பருவத்தில் பஸ் பிடித்துக் கவுஞ்சி கிராமத்துக்குப் போவேன். என்னிடம் படித்த ஒருத்தி அங்கே விவசாயம் பார்க்கிறாள். அவளுடைய வயல் வரப்பில் உட்கார்ந்து, தண்டோடு சேர்த்துப் பூண்டைக் கட்டிப்போடுவேன். ஊர் திரும்பிய பிறகும் கை மணத்துக்கொண்டிருக்கும்.

இதில் பெரும்பாலானவற்றுக்கு எனக்குத் துணை பக்கத்து வீட்டு அம்மாள். அவரும் ஓய்வு பெற்றவர், வேறொரு பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தவர். நான் அவரை டீச்சர் என்பேன், அவரும் என்னை டீச்சர் என்பார். என் கணவர் இறந்த வாரத்தில் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தவர். அன்றிலிருந்து நடைக்குச் சேர்ந்தே போனோம்.

ஒருநாள் சந்தையிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்தேன். மேகம் இறங்கி ரோட்டை மூடியிருந்தது. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினால் என் வீடு என்று தெரியவில்லை. பாதி வாழ்க்கை நடந்த ரோடு. பையோடு அப்படியே நின்றேன். ஒரு ஜீப் ஒலியெழுப்பிக் கடந்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

மறுநாள் ஏரிக்கரை பெஞ்சில் அதை டீச்சரிடம் மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குந்தேன் டீச்சர். கண்ணாடியத் தலையில வச்சுக்கிட்டே வீடு பூரா தேடுறேன்."

"மகன்கிட்ட சொல்லிராதீங்க. பயந்துருவான்."

"நான் ஏன் சொல்லப்போறேன்," என்றார். எனக்குப் பாதி பாரம் இறங்கியது போலிருந்தது.

அடுத்த மாதம், பண்டிகையும் இல்லை, லீவும் இல்லை, மதுரையிலிருந்து மகன் வந்து நின்றான். காபி கொடுத்தேன். குடிக்காமல் தம்ளரைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"மாடி ரூம ரெடி பண்ணியாச்சும்மா. நீங்க எங்ககூடவே வந்துருங்க."

"எதுக்கு? எனக்கு இங்க சோலி கெடக்கு."

"அடுப்புல பாலை வச்சுட்டு மறந்துட்டீங்க. பாசியில வழுக்கி விழுந்தீங்க. எதையும் நீங்க சொல்றதில்ல." தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கு வீட்டுக்கு வழி தெரியாம நின்னீங்களாமே," என்றான்.

"யாரு சொன்னா?"

"டீச்சர் சொன்னாங்க. நாந்தான் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன். அவங்கமேல கோவப்படாதீங்க."

"எம்புட்டு நாளா?"

"அப்பா போனதுல இருந்தும்மா. வாரா வாரம் பேசுவேன்."

அன்று மதியம் பக்கத்து வீட்டுக்குப் போனேன். டீச்சர் பிளம்ஸ் பழங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே துணியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆமா டீச்சர், சொன்னேன். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, தெரிஞ்சும் ஏன் சொல்லலன்னு தம்பி கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"அவன்கிட்ட சொல்லப்போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க என்கிட்ட எதையுமே சொல்லியிருக்க மாட்டீங்க."

அது உண்மைதான். உண்மையாக இருந்ததால் இன்னும் வலித்தது. நான் உட்காரவில்லை. அவர் எழுந்து என் கையைப் பிடிக்க வந்தார், நான் பிடிக்கக் கொடுக்கவில்லை.

ராத்திரி தூங்கினீங்களா, மாத்திரை போட்டீங்களா, இன்னைக்கு யார்கூட வெளிய போறீங்க: தினமும் நடக்கத் தொடங்கியதும் டீச்சர் கேட்பார். என்னைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று அதில் எனக்கு எவ்வளவு நிறைவு இருந்தது. இப்போது அதில் எது அவருடைய கேள்வி, எது என் மகனுடைய கேள்வி என்று என்னால் பிரிக்க முடியவில்லை. கவுஞ்சி வரப்பில் நாங்கள் சிரித்த சிரிப்பும் வார முடிவில் மதுரைக்குப் போனதா?

தர்க்கம் பண்ண விரும்பாமல் மகனோடு மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். அவர் போதும் என்று சொன்ன பிறகும் நான் கழித்துக்கொண்டே போனேன். வயதுக்கு உரிய மறதிதான், பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த வருஷம் வந்து காட்டுங்கள் என்றார். மகன் முகம் தெளிந்தது. மாடி அறையைப் பார்த்தேன், அழகாகத்தான் வைத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். மறுவாரமே மலைக்குத் திரும்பிவிட்டேன். அவனே காரில் கொண்டுவந்து விட்டான்.

மலைப்பாதையில் சொன்னேன். "இனிமே எதுன்னாலும் என்கிட்டயே கேளு."

"கேட்டா சொல்வீங்களாம்மா?"

சொல்வேன் என்று பொய் சொல்ல மனமில்லை.

வேலைகள் எதுவும் குறையவில்லை. இங்கிலீஷ் கற்க வரும் பெண்களில் ஒருத்தி நடைக்கும் வருகிறாள். வேகமாக நடப்பவள், கேள்வியே கேட்கமாட்டாள். டீச்சர் ஒருநாள் பிளம்ஸ் ஜாம் கொடுத்தனுப்பினார். வெறும் பாட்டிலாகத் திருப்பித் தரக்கூடாதென்று பூண்டு ஊறுகாய் போட்டு அனுப்பினேன். ரோட்டில் பார்த்தால் நின்று பேசுவோம். மழை, குரங்குத் தொல்லை, சீசன் கூட்டம். பார்ப்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை பாடத்தின் நடுவில், எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் எனக்கு வரவில்லை. தினமும் என்னோடு நடப்பவள். இருமுவதுபோல் நடித்துச் சமாளித்தேன். அவர்கள் போனபின் வாசலுக்கு வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இந்தப் பக்கம் காட்டுமாடு எதுவும் வந்துச்சா டீச்சர்?" என்று கேட்டேன்.

"இல்லையே," என்றார். நான் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.