கடைசிக் காருக்கு இரண்டு தட்டு

கூக்கா வேலை பார்ப்பது கார் ஆலையில். ஆனால் அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் மான்டேக்கா ஊரில் இல்லை. முழுப்பெயர் ரெஃபூகியோ அரெயானோ. அந்தப் பெயரைப் பாதிரியாரும் சம்பளச் சீட்டும்தான் சொல்வார்கள். மற்ற எல்லோருக்கும் அவள் கூக்கா.

கணவன் பெனிக்னோ அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பார்த்தான். அவன் வேலை செய்யும் பாதாம் தோப்புக்குள் நன்றாகவே ஓட்டினாள். நெடுஞ்சாலையில் ஏறி, பின்னால் ஒரு லாரி முட்டுகிற மாதிரி வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பாடம் அத்தோடு முடிந்தது.

அதனால் டான் செஞ்சோவின் வேன்தான் அவளுக்குக் கால். ஆலையில் பெயின்ட் பிரிவில் இருக்கும் அந்தப் பெரியவர், விடிவதற்கு முன்னே ஆட்களை ஏற்றிக்கொண்டு, காற்றாலைகள் சுழலும் ஆல்டமான்ட் மேட்டைத் தாண்டி வளைகுடாக் கரையில் இருக்கும் ஆலைக்குக் கொண்டுபோய் விடுவார். மாலையில் திரும்ப அழைத்து வருவார். வேனில் கூக்காவுக்கு ஜன்னலோர இடம். அவள் அதிகம் பேச மாட்டாள். யார் புதுச் செருப்பு போட்டிருக்கிறார்கள், யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வருவாள். அவளுக்கும் சேர்த்துப் பேசுவதற்குப் பக்கத்தில் ஒப்தூலியா இருந்தாள். கூக்காவின் மகளுக்கு ஞானஸ்நானத் தாய் அவள். அந்த உறவில் ஒருத்தியை ஒருத்தி 'கொமாத்ரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆலையில் கூக்காவைச் சேர்த்துவிட்டதும் ஒப்தூலியாதான்.

சொந்த ஊரான சமோராவில் பள்ளியைப் பாதியில் விட்டு ஸ்ட்ராபெர்ரி காம்பு கிள்ளப் போன கை கூக்காவின் கை. எல்லை தாண்டி வடக்கே வந்த பிறகு அதே கை தக்காளி பொறுக்கியது. ஆலையில் கதவைச் சுற்றி ரப்பர் பொருத்தும் வேலை கிடைத்தது. கம்பெனியின் விலை உயர்ந்த பெரிய கார்களுக்கு அந்த ரப்பரைக் கையால்தான் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். மூலையில் தொடங்கி, கட்டை விரலால் தள்ளிக்கொண்டே வந்து, தொடங்கிய இடத்தில் முடிப்பாள். முடித்ததும் கார்க் கூரையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவாள். மாட்டை அவிழ்த்து விடுகிறவன் முதுகில் தட்டுவானே, அந்த மாதிரி. உதட்டுக்குள் ஒரு வார்த்தை: "நல்லபடியா போயிட்டு வா." அந்த லைனில் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஆனால் கூக்கா கையைத் தாண்டி ஒரு கார்கூடத் தட்டு வாங்காமல் போனதில்லை.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் மேற்பார்வையாளர் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று சொன்னார். பெரிய கார்கள் இரண்டையும் கம்பெனி நிறுத்தப்போகிறது. பழைய மாடல்கள், வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்த லைன் இருக்கும் இடத்தில் இனி மனித உருவ ரோபோ செய்வார்கள். யாருக்கும் வேலை போகாது. சின்னக் கார் லைனுக்குப் போகலாம். ஆனால் அங்கே ராத்திரி ஷிப்டில்தான் இடம். இல்லையென்றால் ரோபோக் கூடத்துக்குப் போகலாம். அது பகல் வேலை. ரோபோவுக்கு வீட்டு வேலைகளைச் செய்து காட்ட வேண்டும்; அது பார்த்துக் கற்றுக்கொள்ளும். அதற்கு முதலில் ஒரு பரீட்சை.

கூக்காவின் கையில் இருந்த டார்ட்டில்லா ரொட்டி அப்படியே நின்றது. ராத்திரி ஷிப்ட் என்றால் வேன் கிடையாது. வேன் இல்லை என்றால் அந்த மேட்டை அவளே ஓட்டித் தாண்ட வேண்டும், லாரிகளுக்கு நடுவில். பரீட்சை என்றால் பத்துப் பேர் பார்க்க எதையாவது செய்து காட்ட வேண்டும். இரண்டில் எது மேல் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் வேனில் இதே பேச்சு.

"எனக்குச் சமையல் கத்துக்குடுக்கவே எங்கம்மாவுக்கு ஆயுசு பத்தல. நான் போய் இரும்புக்குக் கத்துக்குடுக்கணுமாம்" என்றாள் ஒப்தூலியா.

"இரும்பு எதிர்த்து வாயாடாது. உன்னை விட நல்ல பிள்ளை" என்றார் டான் செஞ்சோ.

பின் சீட்டிலிருந்து ஒருவன், "நாம கத்துக்குடுத்து முடிச்சதும் அது நம்மளயே வீட்டுக்கு அனுப்பிடும், பாருங்க" என்றான்.

"அனுப்பட்டும்டா. அது சட்டை மடிக்கக் கத்துக்கறதுக்குள்ள எனக்கு பென்ஷன் வந்துடும்" என்றார் டான் செஞ்சோ.

சிரிப்பு அடங்கியதும் ஒப்தூலியா மெதுவாகச் சொன்னாள்: "கொமாத்ரே, கோவிச்சுக்காத. என் பேரோட உன் பேரையும் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"ரோபோக் கூடத்துக்கு."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப. அதான் கேக்கல."

மேடு இறங்கும்வரை கூக்கா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

பரீட்சைக்குக் கூப்பிட்டவள் ஹர்லீன் என்ற சின்னப் பெண். பஞ்சாபிக் குடும்பம், ஆலை இருக்கும் ஊரிலேயே வளர்ந்தவள், பள்ளியில் படித்த ஸ்பானிஷில் சமாளித்தாள். கூக்காவின் நெற்றியில் கேமரா வைத்த பட்டையைக் கட்டினாள். கையில் ஒயர் ஓடும் உறையை மாட்டினாள். எதிரே ஒரு சமையலறை மேடை. கூடை நிறையச் சாப்பாட்டுத் தட்டுகள். பக்கத்தில் கம்பத்தில் கட்டியபடி ரோபோ நின்றது. முகம் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று கறுப்பாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் காபியோடு நின்று பார்த்தார்கள்.

"ஆன்ட்டி, தட்டை எடுத்து அலமாரியில வைங்க. அவ்வளவுதான். வீட்டுல வைக்கிற மாதிரி."

கூக்காவின் காது சூடேறியது. தட்டை எடுத்தாள், வைத்தாள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு. கடைசித் தட்டும் உள்ளே போனது. பரவாயில்லை என்று மூச்சு விட்டாள்.

"இப்ப உங்களப் பாத்து இவன் செய்யறதப் பாருங்க" என்றாள் ஹர்லீன்.

ரோபோ குனிந்தது. தட்டை எடுத்தது. அலமாரியில் வைத்தது. பிறகு அலமாரியின் மேல் தட், தட் என்று இரண்டு தட்டு தட்டியது. அடுத்த தட்டு. தட், தட். ஒவ்வொன்றுக்கும் இரண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காபி சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். கூக்காவுக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. தான் தட்டியதே அவளுக்குத் தெரியாது.

ஹர்லீன் சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, வேலை சுத்தமா இருக்கு. ஆனா தட்டுறது நடுவுல நடுவுல வருது. அத எடுத்தா மத்த அசைவும் சேந்து அறுந்துபோகுது. தட்டாம செஞ்சு காட்டணும். அடுத்த வாரம் இன்னொரு தடவ பாப்போம். அதுதான் கடைசி."

அந்த வாரம் முழுக்க வீட்டில் பயிற்சி நடந்தது. தட்டாமல் வைக்க வேண்டும் என்று நினைத்தால் கை அந்தரத்தில் நின்றுவிடும். அடுத்த தட்டு நழுவும். பெனிக்னோ மேசையில் உட்கார்ந்து காவல் காத்தான்.

"தட்டிட்ட."

"தட்டல."

"தட்டின. பீன்ஸ் கிண்ணத்துல கை பட்டது. நானே பாத்தேன்."

"வாய மூடிட்டுச் சாப்பிடு" என்று சொல்லி அவன் தலையில் இரண்டு தட்டு வைத்தாள். பெனிக்னோ எழுந்து, "அப்ப நான் நல்லபடியா போயிட்டு வரேன்" என்று வாசல்வரை நடந்து காட்டினான். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூக்காவும் சிரித்தாள். ஆனால் படுத்த பிறகு லாரி விளக்குகள்தான் கண்ணுக்குள் வந்தன.

பரீட்சைக்கு முந்தின நாள் கடைசிப் பெரிய கார் லைனில் வந்தது. சிவப்பு நிறம். காருக்குள் கம்பளத்தின் அடியில் மறைந்துபோகும் தகட்டில் எல்லோரும் பேர் எழுதியிருந்தார்கள். யாரோ மூன்று விதப் பாலில் ஊறிய கேக் கொண்டுவந்தார்கள். யாரோ போனில் எக்காளம் முழங்கும் பாண்டா இசையை அலறவிட்டார்கள். கூக்கா ரப்பரை அழுத்தி முடித்து நிமிர்வதற்குள் படம் எடுக்கும் கூட்டம் காரைச் சூழ்ந்துகொண்டது. நடுவில் புகுந்து தட்ட அவளுக்குக் கூச்சம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார் போய்விட்டது.

கேக்கை வாயில் வைத்தாள், இறங்கவில்லை. வேலை முடிந்து எல்லோரும் வேனுக்குப் போக, அவள் மட்டும் பின்வாசல் வழியாகக் கார்கள் நிறுத்தும் முற்றத்துக்கு நடந்தாள். சிவப்புக் கார் வெயிலில் தனியாக நின்றது. சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. கூரையில் இரண்டு தட்டு தட்டினாள். "நல்லபடியா போயிட்டு வா."

நெஞ்சு உடனே லேசானது. எவ்வளவு நேரம் கழித்துத் தட்டினாலும் தட்டு தட்டுதான். அப்படியானால் தட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. தள்ளிப் போட்டால் போதும். வேனில் வந்து உட்கார்ந்தவள் முகத்தைப் பார்த்த ஒப்தூலியா, "என்னடி, லாட்டரி அடிச்சுதா?" என்று கேட்டாள்.

மறுநாள் அதே மேடை, அதே கண்ணாடி. இந்த முறை காபிக் கூட்டம் இன்னும் பெரிதாக இருந்தது. தட்டுகிற அம்மாவின் கதை பரவியிருந்தது போலிருக்கிறது. கூக்கா அவர்களைப் பார்க்கவில்லை. தட்டை எடுத்தாள், வைத்தாள். கை இழுத்தபோது, 'இரு, அப்புறம் தரேன்' என்று உள்ளுக்குள் அதனிடம் சொன்னாள். கை கேட்டுக்கொண்டது. எல்லாத் தட்டும் உள்ளே போயின. ஒருமுறைகூடத் தட்டவில்லை.

முடிந்தது என்று நினைத்து, அலமாரியின் முதல் வரிசைக்குப் போய், பாக்கி வைத்ததையெல்லாம் வரிசையாகத் தட்டித் தீர்த்தாள். நெற்றிக் கேமராவின் பதிவு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ரோபோவும் அப்படியே செய்தது. அமைதியாக, அழகாக எல்லாத் தட்டையும் வைத்தது. ஒரு கணம் நின்றது. பிறகு முதல் வரிசைக்குத் திரும்பி, ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டே வந்தது.

கூக்கா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "அய்யோ, போச்சு."

"எதுவும் போகல ஆன்ட்டி" என்றாள் ஹர்லீன். இந்த முறை அவளும் சிரித்துவிட்டாள். "கடைசியில இருந்தா வெட்டறது சுலபம். நடுவுலதான் முடியாது. திங்கட்கிழமை காலைல வந்துடுங்க."

"வெட்டிடுவீங்களா?"

ஹர்லீன் கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். அங்கே ஒருவர் மேசையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "வெட்டணும். இன்னிக்கு வேணாம்."

திங்கட்கிழமை மாலை வேன் கிளம்பத் தயாராக இருந்தது. கூக்காவைக் காணோம். டான் செஞ்சோ ஹாரனை அழுத்தினார். ஓடி வந்து ஏறினாள்.

"எங்கடி போன?" என்றாள் ஒப்தூலியா. "அந்த இரும்பையும் தட்டிட்டு வந்தியா?"

"தோள்ல ரெண்டு."

"அதுக்கும் போயிட்டு வான்னு சொன்னியா? அது எங்க போகப்போகுது, கம்பத்துல கட்டி வச்சிருக்காங்க."

"அதான் மாத்திச் சொன்னேன்" என்றாள் கூக்கா, ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்து. "போயிட்டு வரேன்னு சொன்னேன்."

டான் செஞ்சோ வண்டியை எடுத்தார். "என் வேனுக்கு மட்டும் இத்தன வருஷமா ஒண்ணும் இல்ல" என்று முணுமுணுத்தார்.

கூக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கதவில் இரண்டு தட்டு தட்டினாள்.