மன உறுதிக்கு நாலு புள்ளி

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பத்தாம் தரத்துக்குத் தமிழ் இலக்கியம் படிப்பிக்கிறேன். போன வருடத் தவணைப் பரீட்சையில் ஒரு கவிதை வந்தது. கொட்டும் மழையில் கொழுந்து பறிக்கும் பெண் பேசுகிறாள். அட்டை கடிக்கிறது, கால் வழுக்குகிறது. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்கிறாள். அவளுடைய மனநிலையை விளக்க வேண்டும். நாலு புள்ளி.

விடை புள்ளித் திட்டமாக மேலிடத்திலிருந்தே வந்துவிட்டது: மன உறுதி, பொறுமை, தியாகம், தொழில் பக்தி. மலையகத்துப் பெண் எந்தக் கவிதையில் தலைகாட்டினாலும் இந்த நாலும் அவளுக்குக் கட்டாயம். பிள்ளைகளும் அப்படியே ஒப்பித்திருந்தார்கள். ஒருத்தி மட்டும், "இவளுக்கு உறுதியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. சரியான கோபத்தில் இருக்கிறாள்" என்று எழுதியிருந்தாள். கெட்டிக்காரிக்கு ஏன் இந்த வேலை என்ற எரிச்சலில் முட்டை போட்டேன். என் அம்மாவும் கொழுந்து பறித்தவள்தான். புள்ளித் திட்டம் கையில் இருக்கும்போது அம்மா எங்கே ஞாபகத்துக்கு வருவாள்?

அந்த முட்டையால் அவள் இரண்டாம் இடத்துக்கு இறங்கினாள். வலய இலக்கியப் போட்டிக்கு முதலாவதாக வருபவரைத்தான் அனுப்புவோம். வருடம் முழுக்க அவள் அதற்காகத்தான் படித்தாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய அம்மா கொழுந்து மலையிலிருந்து நேரே வந்தார், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல். மகள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். என்ன பிழை என்று கேட்டார். பாவம், இவருக்குக் கவிதை எப்படி விளங்கும் என்ற பெருந்தன்மையோடு, கனிவான குரலில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.



"நீங்க வாசிக்கிறதுதான் பெழைங்க, டீச்சர். எங்க வீட்டுக்காரரு எப்படி இருக்கேன்னு கேட்டா நானும் இப்படித்தாங்க சொல்லுவேன். அதுக்கப்புறம் அவரு வாயத் தொறக்க மாட்டாரு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாடசாலை அதிபரிடம் ஓடினேன். போட்டிக்குப் பெயர் அனுப்பியாகிவிட்டது, தவிர, கோபத்துக்குத் திட்டத்தில் இடமில்லை என்றார். சண்டை போட்டிருக்கலாம். அடங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். யாராவது பார்த்திருந்தால் என் பொறுமைக்கும் புள்ளி தந்திருப்பார்கள்.

அடுத்த பரீட்சைக்கு முதல்நாள் அந்தப் பிள்ளை கொப்பியோடு என் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், கவிதையில இருக்கவங்க என்ன நெனைக்கணும்னு இப்பவே சொல்லிடுங்க. எழுதிக்கிறேன்."

சொன்னேன். ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டாள்.