கம்பெனி வாளியும் வெள்ளைக் கோட்டும்

சோப்புத்தூள் விளம்பரங்களில் வரும் கறைகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். சேறு, காபி, சாம்பார். கொடுத்து வைத்த கறைகள். வாளியில் முக்கி எடுத்ததும் சட்டை பளிச்சென்று ஆகிவிடுகிறது. எங்கள் தாயில்பட்டிப் பக்கம் வந்து, அலுமினியப் பொடி படிந்த ஒரு சட்டையை முக்கிக் காட்டட்டும் பார்ப்போம்.

என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். வெடிக்குள் அடைக்கிற மருந்து. அதில் சேரும் அலுமினியப் பொடி, சாம்பல் நிறத்தில் மினுங்கிக்கொண்டு துணியில் ஏறி உட்கார்ந்தால் லேசில் இறங்காது. பக்கத்தில் இருக்கும் துணிக்கும் தாவிவிடும். அதனால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கம்பெனித் துணிக்கென்று தனி வாளி உண்டு. வேறு துணி அதில் விழக்கூடாது.

தண்ணீரோ உப்புத் தண்ணீர். எந்தத் தூளைப் போட்டாலும் நுரைக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும். நானும் மாற்றிப் பார்க்காத தூள் இல்லை. மல்லிகை வாசம் அடிப்பது, எலுமிச்சை படம் போட்டது, பிளாஸ்டிக் மக்கு இலவசமாகத் தருவது. வீட்டில் மக்குகள் சேர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் மலிவான தூளையும் வாசனைத் தூளையும் பாதிப் பாதி கலந்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். அதைப் பார்த்த அன்று வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எதோடு எது சேரும் என்று தெரியாமல் ரெண்டு பவுடரை ஒரே டப்பாவில் கலப்பார்களா என்று சத்தம் போட்டார். துணி துவைக்கிற தூள்தானே என்றேன். ஒரு வாரம் அந்த டப்பா இருந்த மூலைப் பக்கமே அவர் போகவில்லை.

போன ஆவணியில் மகளுக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் கம்பெனி வாசலை மிதிக்காமல் வேலைக்குப் போகப்போகிற முதல் ஆள் அவள்தான். டெய்லரிடமிருந்து வந்த வெள்ளைக் கோட்டை, கஞ்சி போக அலசிக் கொடியில் போட்டிருந்தேன். மறுநாள் மதியம் அவளுக்கு பஸ். சாயங்காலம் அடித்த காற்று கோட்டைத் தூக்கிக்கொண்டு போய், சுவர்மேல் கிடந்த அவருடைய கம்பெனிச் சட்டையின் மேலேயே போட்டது. இத்தனை பெரிய முற்றத்தில் காற்றுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை. எடுத்துப் பார்த்தால் நெஞ்சுப் பக்கம் முழுக்கச் சாம்பல் மினுமினுப்பு.

மகள் அழுதுவிட்டாள். கறைக் கோட்டோடு முதல் வகுப்புக்குப் போனால் வெளியே நிறுத்திவிடுவார்களாம். அதைவிட வேறொன்றுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

“நீ எந்த ஊருன்னு அவுக கேக்கதுக்கு முன்னாடியே இந்தக் கோட்டு சொல்லிரும்மா.”

பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்துத் தடுத்தார். தேய்த்தால் பொடி நூலுக்குள் இறங்கிவிடும், காலையில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டைகூடத் துவைக்காதவர். விடிந்தால் வேடிக்கை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வேடிக்கைதான். கம்பெனியில் வெயில் ஏறுவதற்குள் மருந்து கலந்து முடிக்க வேண்டும் என்பது முறை. அன்று கம்பெனிக்கு லீவு போட்டிருந்த இவரும் சேவல் கூவியதும் எழுந்துவிட்டார். வெறும் பருத்தி வேட்டி. இடுப்பில் தொங்கிய பீரோச் சாவியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். செல்போனை அடுப்படியில் வைத்தார். பாத்ரூமை எட்டிப் பார்த்த எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார். உள்ளே ஒரு ஆள் போதுமாம். அப்புறம் உள்ளங்கையை விரித்து, இரும்புக் குழாயின் மேல் அழுத்தி வைத்தார். மருந்து அறை வாசலில் ஒரு தாமிரத் தகடு இருக்கும். உடம்பில் இருக்கும் கரண்டு தரைக்கு இறங்க, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். எங்கள் வீட்டில் தகடு இல்லாததால் குழாய்.

அதன் பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்தார். இரும்பு உரசினால் பொறி பறக்கும், ஸ்பூன் ஆகாதென்று அட்டைத் துண்டால் தூளை அள்ளி, என் மாவுச் சல்லடையில் போட்டுச் சலித்தார். அடுத்த பத்து நாளும் எங்கள் இடியாப்பத்தில் மல்லிகை மணத்தது. உப்புத் தண்ணீர் பக்கம் போகவே இல்லை. ஆனைக்குட்டம் அணையிலிருந்து எப்போதாவது குழாயில் வரும் நல்ல தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த குடத்தைச் சாய்த்தார். அது குடிக்கிற தண்ணீர் என்று நான் வெளியிலிருந்து கத்தியது அவர் காதில் ஏறவில்லை.

தேய்க்கவில்லை, பிழியவில்லை. தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தண்ணீரில் கரைத்துக் கோட்டை மிதக்கவிட்டார். உள்ளங்கையால் மெல்ல அமுக்கி எடுத்தார். தண்ணீர் கறுத்ததும் கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. இப்படியே போனால் அடுத்த வருஷ பஸ்ஸைத்தான் பிடிக்கலாம் என்றேன். மகள் சிரிக்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடம் காலியானபோது கோட்டு வெளுத்திருந்தது. பையின் உள்தையலில் மட்டும் ஒரு பொட்டு மினுங்கியது. அவர் மறுபடியும் தூளை எடுக்கப்போக, அது உள்ளேதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் மகள்.

அடுத்த வாரம் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். அங்கே நல்ல தண்ணீராம், கொஞ்சம் தூள் போட்டாலே வாளிக்கு மேல் நுரை வழிகிறதாம். எனக்குப் பொறாமை. அப்புறம் அவளே சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். துவைக்கப் போன இடத்தில் பொட்டலத்தைப் பிரிக்கும் முன், தன்னை அறியாமல் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்தாளாம். கூட இருந்த பிள்ளைகள் இது என்ன சாமி கும்பிடுகிறாயா என்று கேட்டார்களாம்.

நானும் சிரித்தேன். அப்பாவிடம் சொல் என்று போனைக் கொடுத்தேன். அவர் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். காதில் வைத்து முழுசாகக் கேட்டார்.

“அங்கன நீ எதையும் தொட வேண்டாம் தாயி,” என்றார். “அங்கன இருக்கது வெறும் சோப்புத்தூளு.”

போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார். காலையில் வெயில் ஏறுவதற்குள் அவர் மருந்து கலக்க வேண்டும்.