பேர் போடுற நோட்டு

சிறுத்தை நடமாடுற மலையில வளந்தவ நான். பயம்னா என்னன்னு தெரியும்னுதான் நெனச்சிருந்தேன். ஆனா அந்தப் பாராளுமன்றத் தேர்தல் அன்னைக்கு, எங்க தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஓட்டுச் சாவடியில பார்வையாளர் அட்டையக் கழுத்துல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேனே, பெஞ்ச விட்டு எந்திரிக்கவே பயமா இருந்துச்சு.

வேலை லேசானதுதான். எந்தக் கட்சியிலயும் சேராத ஒரு அமைப்பு வகுப்பு எடுத்து எங்கள அனுப்பியிருந்துச்சு. பாக்கணும், படிவத்துல எழுதணும், தப்பு நடந்தா பொறுப்பதிகாரிகிட்ட சொல்லணும். சொந்தத் தோட்டத்துக்கே போறியான்னு கேட்டாங்க, நானும் மண்டைய ஆட்டிட்டு வந்துட்டேன். புத்தி எங்க போச்சோ!

பனி விலகினப்பதான் வாசல்ல நிக்கிறது யாருன்னு தெரிஞ்சிச்சு. கொழுந்து பறிக்கிற எங்க அம்மாவோட கங்காணி. விடிஞ்சா பெரட்டுக் களத்துல ஆளுங்கள வரிசையா நிறுத்தி வேலைக்குப் பேர் போடுறவரு. அவரு பேர் போடலைன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல. கையில நோட்டு வச்சிருந்தாரு. ஓட்டுப் போட்டுட்டு வந்த பொம்பளைங்க, மை வச்ச சுண்டுவிரலக் காட்டி, கேக்கிறதுக்கு முன்னாலயே பேரச் சொன்னாங்க. பெரட்டுல சொல்லிச் சொல்லிப் பழகுன வாய். அவரு எழுதிக்கிட்டே, "யாருக்குப் போட்ட?"ன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டாரு.

இத எழுதணும். எழுதினா அம்மா பாடு என்னாகும்? அதுக்கு வேலையில இன்னும் ஒரு வருஷம் பாக்கி. வேலை போனா நாங்க குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும். பேனாவ எடுத்தேன், மூடினேன், திரும்ப எடுத்தேன். கடைசியில ஆத்திரம் பொறுக்காம எழுதிட்டேன். பொறுப்பதிகாரிகிட்டயும் அரைகுறைச் சிங்களத்துல சொல்லிட்டேன்.

பொலிஸ்காரர் போய் "யன்ன, யன்ன"ன்னு வெரட்டினதும் கங்காணி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டாரு. போறப்ப ஜன்னல் வழியா என்னையத்தான் பாத்தாரு.

அதோட முடிஞ்சிருந்தா தேவல. அடுத்து வந்த பொம்பளைங்க, பேர் போடுற ஆளக் காணோமேன்னு தவிச்சுப் போனாங்க. ஓட்டுப் போட வந்த நேரத்துக்குச் சம்பளம் வெட்டிருவாங்கன்னு பயம். அதுக்கு லீவு சட்டத்துலயே இருக்குன்னு யாரு அவங்களுக்குச் சொன்னா? உள்ள பாத்தா படிவமும் பேனாவுமா நான் ஒருத்தி. வந்துட்டாங்க, என் பெஞ்சுக்கு முன்னால வரிசையா!

"எம்பேரயும் போட்டுக்க புள்ள."

"எனக்கு முழு நாளாப் போடு, அரை நாளாப் போட்றாத."

"ஐயோ அக்கா, நான் பேர் போட வரலக்கா, போங்கக்கா!" கெஞ்சினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவரு கையக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டே நின்னாரு. அவர வெரட்டிட்டு நானே பேர் எழுதுறேன்னுதானே நெனப்பாரு? பொறுப்பதிகாரியும் வந்து, இன்னொரு தரம் இப்படிக் கூட்டம் சேத்தா வெளிய அனுப்பிருவேன்னு அதட்டினாரு.

பகலுக்கு மேல அம்மா வந்துச்சு. ஓட்டுப் போட்டுட்டு என் பக்கம் திரும்பல. நேரா ரோட்டத் தாண்டிப் போய் கங்காணி முன்னால விரலக் காட்டி நின்னுச்சு. வாய் அசஞ்சது தெரிஞ்சிச்சு. அவரு நோட்டத் தொறக்கல.

திரும்பி ஜன்னலோரம் வந்து மெதுவாச் சொன்னுச்சு: "என்னமோ எழுதிட்டியாமே. எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். நான் போய் எம்பேரச் சொல்லிட்டேன். இனி ஒன்னும் ஆவாது."

மறுநாள் விடியக்காலம் பெரட்டுக்கு அம்மா பின்னாலயே போனேன். கங்காணி, அம்மாவுக்கு முன்னால நின்னவளுக்குப் பேர் போட்டாரு. பின்னால நின்னவளுக்கும் போட்டாரு. நோட்ட மூடினாரு. பொம்பளைங்க ஒவ்வொருத்தியா மலைக்கு ஏறிப் போனாங்க. அம்மா மட்டும் கூடைய எறக்காம அங்கயே நின்னு, தன் பேர இன்னொரு தரம் சத்தமாச் சொன்னுச்சு.