தலையாட்டியதைச் சம்மதம் என்று சொன்னேன்

கேகாலையில் ஒரு ஹோட்டலின் மாடி மண்டபத்தில்தான் எனக்கு முதன்முதலாகத் தொழில்வாண்மை விருத்தி ஊட்டப்பட்டது. இரண்டு நாள் செயலமர்வு. காலையில் பட்டிசும் தேநீரும், மத்தியானம் கோழி புரியாணி, பின்னேரம் சான்றிதழ். இடையில் கிடைத்த நேரத்தில் படிப்பு.

நான் சைகை மொழி உரைபெயர்ப்பாளர். காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்கோ, பொலிசுக்கோ, பிரதேச செயலகத்துக்கோ போகும்போது பக்கத்தில் நின்று, அவர்கள் கையால் சொல்வதை வாயாலும் மற்றவர்கள் வாயால் சொல்வதைக் கையாலும் சொல்வது என் வேலை. தெரணியகலைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் பிறந்தவள். என் அக்காவுக்குக் காது கேட்காது. அவளோடு சண்டை பிடிப்பதற்காகவே கையால் பேசப் பழகினேன். அவள் சிங்களப் பிள்ளைகளோடு விடுதியில் தங்கிப் படித்து, அங்கேயிருந்து கொண்டுவந்த சைகைகளையும் கற்றுக்கொண்டேன். பிறகு பரீட்சை எழுதிப் பதிவு பெற்றேன்.

செயலமர்வைச் சிங்களத்தில் நடத்திய வளவாளர் கொழும்பிலிருந்து வந்தவர். மனிதவளத்தில் பட்டம் பெற்றவர். வாழ்நாளில் ஒரு காது கேளாத மனிதருக்குக்கூட உரைபெயர்த்ததில்லை என்பதை அவரே பெருமையோடு சொன்னார். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் தெளிவு அதிகமாம். முதல் வேலையாக எங்கள் எல்லோரையும் கண்ணை மூடி, உள்ளே பேசும் குரலைக் கேட்கச் சொன்னார். கண்ணை வைத்துப் பிழைக்கிறவர்களைக் கண்ணை மூடச் சொன்ன மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். மூடினோம். எனக்குள்ளே கேட்டது கீழ்த்தளத்துச் சமையலறையில் வெங்காயம் வெட்டும் சத்தம் மட்டும்.

பிறகு ஆளுக்கொரு கொப்பி கொடுத்தார். பிரதிபலிப்பு நாளேடு என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அன்றைக்கே நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். என்ன நடந்தது. நான் என்ன உணர்ந்தேன். செய்தி போய்ச் சேர்ந்தது என்று எப்படி அறிந்தேன். அடுத்த முறை என்ன செய்வேன். மூன்று மாதம் கழித்து நடக்கும் இரண்டாவது செயலமர்வுக்கு நிரப்பிய கொப்பியோடு வந்தால்தான் பதிவு புதுப்பிக்கப்படும்.

எழுதினேன். எப்படி எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கொரு முறை பஸ்சில் உட்கார்ந்து, இரண்டு நிறப் பேனாவால், நடந்ததற்கும் நடக்காததற்கும் சேர்த்து எழுதினேன். "மனநிறைவாக இருந்தது" என்று ஓரிடத்தில், "சவாலாக இருந்தது" என்று இன்னோரிடத்தில். வளவாளரை நான் எவ்வளவு மட்டமாக நினைத்தேனோ, அவருக்கு ஏற்ற மாணவியாக அவ்வளவு மட்டமாகவே நடந்துகொண்டேன்.

அந்த மூன்று மாதத்துக்குள்தான் ஆஸ்பத்திரி வேலை வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். நோயாளி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண். நாற்பது வயதிருக்கும். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பாடசாலைப் பக்கம் போனதில்லை. நீண்ட நாளாக இரத்தப்போக்கு. கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டொக்டர் முடிவு செய்திருந்தார். அதை அவளுக்கு விளக்கிச் சம்மதம் வாங்க என்னைக் கூப்பிட்டார்கள்.

டொக்டர் சிங்களத்தில் வேகமாகச் சொன்னார். நான் கையால் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். பரீட்சையில் எனக்கு அதிக புள்ளி வாங்கித் தந்த அதே சுத்தமான சைகைகள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டர் நிறுத்திய இடத்திலெல்லாம் தலையாட்டினாள். கடைசியில் டொக்டர் என்னைப் பார்த்தார். சம்மதிக்கிறார் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். தாதி மைப்பெட்டியை நீட்டினாள். அவள் பெருவிரலை வைத்தாள். எல்லாம் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

திரும்பும் பஸ்சில், புதினமாக, அன்றைய வேலையை அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். பயனாளி நன்கு ஒத்துழைத்தார் என்று எழுதினேன். செய்தி போய்ச் சேர்ந்தது என்று எப்படி அறிந்தேன் என்ற கேள்விக்கு, "தலையாட்டினார்" என்று எழுதினேன்.

எழுதியதை மறுபடி வாசித்தேன். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வலிக்குமா என்றுகூடக் கேட்கவில்லை. வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த எந்தப் பெண் அப்படிச் சும்மா இருப்பாள்?

கொப்பியில் அந்தக் கேள்வியை எழுதியவருக்கு நன்றி சொல்லும் உத்தேசம் எனக்கில்லை. எங்கிருந்தோ பிரதி பண்ணி ஒட்டிய கேள்வி அது. என்னையும் புகழ்ந்துகொள்ள முடியாது. அப்போதே இறங்கித் திரும்பியிருக்கலாம். நான் இறங்கவில்லை. மழை வரும் போலிருந்தது. சத்திரசிகிச்சை மறுநாள்தானே என்று வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்சைப் பிடித்துப் போனேன். அவள் பச்சை உடுப்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய நாத்தனார், அதே தோட்டத்துக்காரி, போத்தலில் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு உனக்கு என்ன செய்யப் போகிறார்கள், எனக்குச் சொல் என்று கையால் கேட்டேன். அவள் சந்தோஷமாகச் சொன்னாள். கையில் ஊசி. பிறகு தூக்கம். வயிற்றைக் கழுவுவார்கள். நாளைக்கு வீடு. அடுத்த நாள் மலைக்கு, கொழுந்துக்கு.

எடுத்தல் என்பதற்கு நான் போட்ட சைகை, அவளுக்குக் கழுவுதல்.

நேற்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாளே என்று நாத்தனாரிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். படித்தவர்களைப் பார்க்கும்போது எங்கள் சனம் மறைத்து வைக்கும் பார்வை. அன்றைக்கு அவள் மறைக்கவில்லை.

"அவ எல்லாத்துக்குந்தான் தலைய ஆட்டுவா மிஸ். ஆட்டுனா ஆளுக போயிருவாங்கல்ல. அதுக்குத்தான் ஆட்டுறா. கங்காணிக்கு ஆட்டுவா, மருத்துவிச்சிக்கு ஆட்டுவா. நேத்து ஒங்களுக்கும் ஆட்டியிருக்கா."

தாதியிடம் போய், இவருக்கு விளங்கவில்லை, நிறுத்துங்கள் என்றேன். நேற்று விளங்கியது இன்றைக்கு எப்படி விளங்காமல் போகும் என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. டொக்டர் வந்தார். கோபப்படவில்லை. கோபப்படுவதற்குக்கூட என்னை ஒரு ஆளாக மதித்திருக்க வேண்டுமே. சம்மதம் என்று சொன்னது நோயாளி அல்ல, நீங்கள்தான் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டு, அவளுடைய பெயரை அன்றைய பட்டியலிலிருந்து வெட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வாட்டுக்கு வெளியே வாங்கில் மூவரும் உட்கார்ந்தோம். இந்த முறை நான் சொல்லவில்லை. நாத்தனார் சொன்னாள். அவளுக்குப் பதிவும் இல்லை, சான்றிதழும் இல்லை. பிள்ளையைத் தாலாட்டுவதுபோலக் கையை ஆட்டினாள். பிறகு அடிவயிற்றைத் தொட்டு, கொழுந்துச் சாக்கை முதுகிலிருந்து கழற்றுவதுபோலக் கழற்றி, தரையில் வைத்து, காலால் தள்ளினாள். பிறகு தாலாட்டிய கைகளை விரித்துக் காட்டினாள். இனி இல்லை.

நோயாளியிடமிருந்து கேள்விகள் வந்தன. கத்தியாலா? எவ்வளவு நீளம்? இரத்தம் நிற்குமா? புருஷனுக்குத் தெரியுமா? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது? நான் தாதியிடமும் டொக்டரிடமும் ஓடி ஓடிப் பதில் கேட்டு வந்தேன். கடைசியாக அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள். நேற்று இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை?

சொன்னேன் என்று என் கை பாதி தூரம் உயர்ந்தது. இறக்கிக்கொண்டேன். தப்பு என்னுடையது என்று கையால் சொன்னேன். அவள் தலையாட்டவில்லை.

மூன்று வாரம் கழித்து அவளே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நாத்தனாரும் நானும் கூட இருந்தோம். மைப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள், பிறகுதான் பெருவிரலை வைத்தாள். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது.

இரண்டாவது செயலமர்வில் என் கொப்பியிலிருந்து இதை வாசித்தேன். வளவாளர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "மிஸ், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா நெகட்டிவ் கொஞ்சம் கூடிப் போச்சு" என்றார். தவறு என்ற சொல்லை அடித்துவிட்டு வளர்ச்சிக்கான வாய்ப்பு என்று எழுதச் சொன்னார். வேலை முடிந்த பிறகு திரும்பிப் போனது தொழில் எல்லையை மீறிய செயல் என்றும், உணர்ச்சி ரீதியாக நான் என்னைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். வயிற்றைக் கிழிக்கவிருந்தது அவளுக்கு. பாதுகாப்பு எனக்கு. மற்றவர்கள் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

அன்று காலை குத்துவிளக்கேற்ற ஒரு விருந்தினரை அழைத்திருந்தார்கள். வறக்காப்பொலையில் தையல் கடை வைத்திருக்கும் மனிதர், என்னைவிட இளையவர், காது கேளாதவர். விளக்கேற்றியதும் மடியில் பூங்கொத்தோடு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு மண்டபம் நிறைய சைகை மொழி உரைபெயர்ப்பாளர்கள். காலையிலிருந்து அந்த மனிதருக்கு ஒருவர்கூட ஒன்றும் உரைபெயர்க்கவில்லை. யாராவது செய்வார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். நானும்தான், அந்தக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு.

எழுந்துபோய் அவர் எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். காலையிலிருந்து என்ன பேசினார்கள் என்று கேட்டார். நம்மை நாமே கவனிக்க வேண்டும் என்று பேசினார்கள் என்றேன். வேறு? அவ்வளவுதான். காலை முழுவதுமா? காலை முழுவதும். அவர் பூங்கொத்தைக் கீழே வைத்தார். என் முகம் அடையாள அட்டைப் படம்போல இருக்கிறது, கை என்ன சொன்னாலும் முகம் ஒன்றும் சொல்லவில்லை என்றார். பிறகு, தான் பேச வேண்டும் என்றார்.

அவர் எழுந்து நின்று கையால் சொன்னதை நான் சிங்களத்தில் சொன்னேன். தமிழில் அது இப்படி இருக்கும்:

"என் மொழி தெரிஞ்சவங்க இத்தன பேர் இருக்கீங்க. யாரும் எனக்கு ஒண்ணும் சொல்லல. காலையிலேருந்து உங்களப் பத்தியே யோசிக்கிறீங்க. உங்க கை சொல்றது விளங்குதா இல்லையான்னு உங்க மனசுகிட்ட கேக்கிறீங்க. எங்ககிட்ட கேளுங்க. பாக்கிறது நாங்க."

வளவாளர் நெகிழ்ந்துபோனார். இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டி, காது கேளாதோர் கைதட்டும் முறையை எல்லோருக்கும் செய்து காட்டினார். அது அவர் திரையில் காட்டும் படவில்லைகளில் இருந்தது. பிறகு விருந்தினரை நடுவில் நிறுத்திக் குழுப்படம் எடுத்தார்கள். அடுத்த அமர்வு மன அழுத்தம் பற்றியது. மறுபடியும் எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரலாமா என்று அவரிடம் அன்று கேட்டேன். தைக்கக் கொடுக்கிறவர்கள் வராத நேரமாக வா என்றார். முதலில் ஐந்து பேர் போனோம். மெஷினை நிறுத்திவிட்டு எங்கள் எதிரே உட்காருவார். ஒருவர் ஒரு விஷயத்தைச் சைகையில் சொல்ல வேண்டும். தனக்கு விளங்கியதை அவர் திருப்பிச் சொல்வார். இரண்டும் அநேகமாக வேறு வேறாக இருக்கும். எங்களைப்போல நடித்துக் காட்டுவார். என்னை நடிக்கும்போது விறைத்த கழுத்தும் செத்த முகமுமாக அப்படியே செய்வார். பாடசாலைக்குப் போகாதவர்களின் கை எப்படிப் பேசும் என்று தன் மாமன் மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளோடு பேச எனக்கு நான்கு ஞாயிறு பிடித்தது. பாராட்டு ஒன்றும் கிடையாது. எங்களை அவருக்குப் பிடிக்காது. அதை மறைக்கவும் மாட்டார்.

ஒருத்தி மூன்றாம் மாதம் நின்றுவிட்டாள். இதற்குச் சான்றிதழ் தருவார்களா என்று கேட்டாள், அவர் சிரித்தார், அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னொருவர் ஞாயிறு வசதிப்படாது என்றார். இப்போது மூன்று பேர் போகிறோம். செயலமர்வுகளும் தொடர்கின்றன. வளவாளருக்கு இப்போது பெரிய பதவி. பதிவைப் புதுப்பிக்க நானும் போகிறேன், புரியாணி சாப்பிடுகிறேன், கொப்பியை நிரப்பிக் கொடுக்கிறேன். தவறு என்று எழுதிய இடங்களில் அவர்கள் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பித் தருகிறார்கள்.

போன மாதம் வேறொரு ஆஸ்பத்திரியில், கண் சத்திரசிகிச்சைக்கு வந்த ஒரு முதியவரிடம், அவருக்கு விளங்கியதை எனக்குத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிழையாகச் சொன்னார். மறுபடி விளக்கினேன். மறுபடியும் பிழை. டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நேரமாகும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, கிழவரின் பக்கம் திரும்பி மூன்றாம் தடவை தொடங்கினேன்.